சிங்க் அடியில் வந்த புகை

மார்ச் 4, புதன்

குளியலறை சோப்பின் ஒரு மூலை காணவில்லை. உற்றுப் பார்த்தால் மெல்லிய இரட்டைக் கோடுகள், சீப்பால் இழுத்ததுபோல. மாமாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலிம்மா. என்னைவிட நல்ல பல்லு" என்றார்.

மாமா என் மாமனார்; முப்பது வருடம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் விளிம்பைத்தான் பார்ப்பார்.

துறைமுகத்துக்குப் போன் செய்து என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். இவருக்கு அங்கே கிரேன் ஓட்டும் வேலை. பத்து நாள் அங்கே, நாலு நாள் இங்கே. "ஒண்ணு கண்ணுல பட்டா பத்து இருக்கும்" என்றார். நல்ல ஆறுதல்!

மார்ச் 7, சனி

எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் காரில் ஒயரைக் கடித்துப்போட்டு வண்டி கிளம்பவில்லை. பின் பிளாக்கில் வாஷிங் மெஷின் குழாய். குப்பை அறைச் சுவர் ஓரமாகக் கரிய எண்ணெய்ப் பிசுக்குத் தடம் — தினமும் ஒரே வழியாகப் போய் வந்து போட்ட பாதையாம்.

சாயங்காலம் முற்றத்தில் கூட்டம். முப்பத்தாறு வீடு, முப்பத்தாறு காரணம். சாலையைத் தோண்டியதால் வந்தது, பூனைகளைத் துரத்தியதால் வந்தது, குப்பை அள்ளுகிறவர் லீவு போட்டதால் வந்தது. கடைசியில் எல்லார் கண்ணும் ஒரே பால்கனிக்குப் போனது. எங்களுக்கு நேர் மேலே, முதல் மாடி. புறா அக்கா.

டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். காலையும் மாலையும் பால்கனியில் தானியம் தூவுவார். பாதி புறாவுக்கு, பாதி கீழே முற்றத்துக்கு. அவரும் கூட்டத்தில்தான் இருந்தார், ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் நினைத்தேன்.

மார்ச் 11, புதன்

மாவு டப்பாவின் மூடியில் ஓட்டை. மாவோடு டப்பாவையும் சேர்த்துக் குப்பையில் போட்டேன்.

மாமா சொல்கிறார்: "எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. நாம அதுங்களோட கூட்டுக் குடித்தனம்ல நடத்துறோம்."

மார்ச் 13, வெள்ளி

எழுதினால் மனசு அடங்குமா என்று பார்க்கிறேன்.

காலை ஆறரைக்குக் காபி கொண்டுபோனேன். மாமா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போர்வையின் கால்மாட்டில் சிவப்பாக — முதலில் போர்வையின் பூ என்றே நினைத்தேன். அந்தப் போர்வையில் பூவே கிடையாது.

வலது கால் பெருவிரலின் நுனியைக் கடித்துத் தின்றிருக்கிறது. தின்றிருக்கிறது! நான் கத்திய பிறகுதான் அவர் பேப்பரை இறக்கிக் குனிந்து பார்த்தார். "அடடே, இது யார் கால்?" என்றார். சர்க்கரை அவர் காலில் உணர்ச்சியை எடுத்து ஐந்து வருடம் ஆகிறது. ஒரு பிராணி வந்து கடித்துவிட்டுப் போயிருக்கிறது, மாமா நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். அவர் சிரித்ததைப் பார்த்துத்தான் எனக்கு அழுகையே வந்தது.

டாக்டர் ஊசி போட்டார், காயத்தைக் கழுவிக் கட்டினார். தினமும் கட்டு மாற்ற வேண்டும், காலை ஊன்றவே கூடாது. என்னை வெளியே கூப்பிட்டு, "சர்க்கரைக் கால். இந்தப் புண் ஆறுமான்னு இப்ப சொல்ல முடியாது. ஒரு மாசம் பார்ப்போம். கறுத்துச்சுன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார்.

மாமாவிடம் சொல்லவில்லை. இவருக்குப் போன் செய்து எலி கடித்ததைச் சொன்னேன்; இந்த மாதம் கிரேனுக்கு மாற்று ஆளில்லை, லீவு கிடைக்காது என்றார். சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்து வந்தேன்.

மார்ச் 14, சனி

இன்று செய்ததையும் எழுதிவிடுகிறேன்.

மருந்துக்கடையிலிருந்து திரும்பி வரும்போது மேலிருந்து தானியம் என் தலையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். புறா அக்கா கையில் கிண்ணத்தோடு நின்றிருந்தார். "பார்க்கலைம்மா, மன்னிச்சுக்கோ" என்றார். மாமாவின் கால் விஷயம் அவருக்குத் தெரியாது.

என் வாயில் வந்தது எதுவும் எனக்குத் தெரிந்து வந்ததில்லை. முற்றத்தில் பத்துப் பேர் நிற்கக் கத்தினேன்: "பேச ஆளில்லைன்னு புறாவைக் கூப்பிட்டு வச்சுக்கிட்டீங்க. அதுக்குப் போட்ட தானியத்தைத் தின்ன எலி வந்து எங்க மாமா விரலைத் தின்னுட்டுப் போயிருக்கு. இப்ப திருப்தியா?"

அவர் முகம் எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை. கிண்ணம் கைப்பிடிக் கம்பியில் இடிபட்ட சத்தம் மட்டும் கேட்டது.

மாமா ஜன்னலோரம்தான் இருந்திருக்கிறார். நான் உள்ளே போனதும் டி.வி.யின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார், அவ்வளவுதான்.

சொன்னது உண்மைதானே? உண்மைதான். பிறகு ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 18, புதன்

சங்கம் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறது. எல்லாரும் "எலிக்காரர்" என்கிறார்கள், அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறார். ஒல்லி ஆள், நெற்றியில் டார்ச். நேற்றும் இன்றும் தவழ்ந்தே மூன்று பிளாக்கையும் சுற்றினார்.

எல்லாரும் விஷம் வைக்கச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "விஷம் வச்சா சுவருக்குள்ள போய்ச் சாகும். நாத்தத்துல நீங்கதான் வீட்டைக் காலி பண்ணணும். முதல்ல வாசலை மூடணும்க. வாசலைத் திறந்து வச்சுட்டு விருந்தாளியைத் திட்டி என்ன பிரயோஜனம்?"

செயலாளர் பால்கனியைக் காட்டி, "தானியம்?" என்றார்.

"தானியம் சாப்பாடு. சாப்பாட்டைப் பார்த்து எலி பறந்தா வரும்? அது வர்ற வழி ஒண்ணு இருக்குங்க. கட்டை விரல் நுழையிற இடம் கிடைச்சாப் போதும்."

சனிக்கிழமை சாக்கடைக் குழாய்க்குள் புகை விடப்போகிறாராம். ஆபத்தில்லாத வெள்ளைப் புகை. எந்த வீட்டில் புகை வெளியே வருகிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது, அதுதான் எலிக்கும் வழி. அவரவர் வீட்டில் நின்று பார்த்துச் சொன்னால் போதும்.

மேல் வீட்டில்தான் வரும். எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 21, சனி

பதினொரு மணிக்குப் புகை விட்டார்கள். நான் சமையலறையில் கை கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றேன், மேல் வீட்டில் எப்போது கத்துவார்கள் என்று.

காலில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்தேன். சிங்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவின் இடுக்கில் புகை. கொஞ்சநஞ்சம் இல்லை, பால் பொங்கி வழிவதுபோல. கதவைத் திறந்தேன். பின்பலகையில் ஒரு ஓட்டை. விளிம்பெல்லாம் பல் தடம்.

அப்போதே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சமையலறையை மாற்றினோமே, சிங்க்கை அதே சுவரில் கொஞ்சம் தள்ளி வைத்தோம். பழைய கழிவுக் குழாயின் வாய் அப்படியே நின்றது. "மூடி ஒண்ணு வாங்கணும்க்கா, நாளைக்கு வந்து அடைச்சுர்றேன்" என்றார் பிளம்பர். அலமாரி செய்கிறவர் அன்றைக்கே வந்து நின்றார். இவர் போனில், "மூடாம விடாதே" என்று சொன்னார்தான். நான்தான் — "அது பலகைக்குப் பின்னாடி போயிடும், யார் பார்க்கப்போறா? வேலையை முடிங்க" என்றேன். நானேதான் சொன்னேன். மாமாவின் அறை சமையலறையிலிருந்து ஆறு அடி.

வாசலில் எலிக்காரரின் குரல்: "உங்க வீட்ல எப்படிங்க?"

அலமாரிக் கதவைச் சாத்தினேன். ஜன்னலைத் திறந்தேன். போய், "இங்க ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அவர் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் சிமென்டும் இரும்பு நாரும் வாங்கி வந்து பின்பலகை ஓட்டையை நானே அடைத்தேன். மாமா தூங்குகிறார் என்று நினைத்துத்தான் செய்தேன். இடது கை நகத்துக்குள் இன்னும் சிமென்ட்.

முப்பத்தாறு வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் "ஒண்ணும் இல்லை" என்றார்களாம். "அத்தனை புகையும் எங்கதான் போச்சு?" என்று எலிக்காரர் தலையைச் சொறிகிறார்.

இனி நம் வீட்டுக்குள் வராது. அதுதானே முக்கியம்? யாருக்கும் நஷ்டமில்லை. இவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் — அவருடைய அப்பா கால்.

மார்ச் 25, புதன்

நாலு நாளாக வீட்டில் ஒரு சத்தம் இல்லை. எனக்குத்தான் தூக்கம் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு வலது கண் பவரை இடதிலும், இடதை வலதிலும் எழுதிவிட்டேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. முதலாளி அம்மா, "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்றார். மாமாவின் கால் என்றேன். முழுப் பொய்யும் இல்லை.

கட்டு மாற்றும்போது விரல் ஓரம் கருநீலமாகத் தெரிகிறது. வெளிச்சம் அப்படியா, விரலே அப்படியா?

மார்ச் 28, சனி

வேலைக்குக் கிளம்பினேன். எங்கள் வாசலை ஒட்டிய கடைசி மாடிப்படியில் புறா அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் தடி. தலை வாரவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு நாங்கள் முகம் பார்த்துக்கொண்டதில்லை. தாண்டிப் போயிருப்பேன். ஆனால் வழியை மறித்து உட்கார்ந்திருந்தார்.

"துணி அலமாரிக்குள்ள குட்டி போட்டிருக்கு" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. "அஞ்சு நாளா சிங்குக்குப் பின்னாலேர்ந்து வருது. தானியத்தை நிறுத்திப் பதினாலு நாள் ஆச்சு. ஒரு மணி கூடப் போடலை. இருந்தும் வருது. உள்ளே போகவே பயமா இருக்கு."

ஐந்து நாளாக. நான் அடைத்தது ஞாயிறு.

குழாய்கள் மேலேறும் சந்து எங்கள் அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது, நேராக அவர் வீட்டுக்குப் போகிறது. நான் பழைய குழாயின் வாயை அடைக்கவில்லை. பலகையைத்தான் அடைத்தேன். என் வீட்டுக்குள் வர வழியில்லாமல் எல்லாம் மேலே ஏறியிருக்கின்றன.

அதற்குள் செயலாளர் ஒரு தாளோடு வந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார். புறா அக்காதான் காரணம், அவர்தான் பொறுப்பேற்க வேண்டும் என்று சங்கக் கடிதம். எல்லார் கையெழுத்தும் வேண்டுமாம். "பாதிக்கப்பட்டது நீங்க. முதல் கையெழுத்து உங்களோடதா இருக்கட்டும்" என்று பேனாவை நீட்டினார்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடினேன். பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எல்லாரிடமும். வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் மாமா. கட்டு மாற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தேன். குழாய், பிளம்பர், புகை, பொய் எல்லாம். முடித்துவிட்டுப் பார்த்தால் அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகை வாசனை எனக்கும் வந்துச்சும்மா" என்றார். "கால்தான் போச்சு. மூக்கு நல்லாத்தான் இருக்கு."

"தெரிஞ்சும் ஏன் மாமா கேக்கலை?"

"கேட்டா நீ எனக்கும் இல்லைன்னு சொல்லியிருப்பே. அப்புறம் ரெண்டு பொய் ஆயிருக்கும்." பிறகு விரலைக் காட்டி, "கட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்திப் போடு" என்றார்.

பிறகு மேல் வீடு. அக்கா கதவைப் பாதி திறந்தார். நின்றபடியே சொன்னேன். அழக் கூடாது என்று முடிவு செய்துதான் போனேன். அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது:

"எலி உன் வீட்டு வழியா வந்துச்சு, சரி. அது தெரியாம நடந்தது. ஆளில்லைன்னு சொன்னியே, அது தெரிஞ்சு சொன்னது."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

ஐந்து மணிக்குக் கூட்டம். செயலாளர் கடிதத்தை வாசிக்க எழுந்ததும் நானும் எழுந்தேன். "எங்க வீட்ல புகை வந்தது. நான் பொய் சொன்னேன். மேல் வீட்டு அக்கா மேல எந்தத் தப்பும் இல்லை. அவங்களைப் பேசினதும் தப்பு" என்றேன். உட்கார நாற்காலி எங்கே என்றே தெரியவில்லை.

இனி ஆளாளுக்குக் கிழிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

பின் பிளாக்கில் தையல் வேலை செய்கிற பெண் மெல்லக் கையைத் தூக்கினாள். "எங்க பாத்ரூம்லயும் வந்துச்சு... கொஞ்சமாத்தான். சொன்னா எங்களாலதான்னு சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன்."

அப்புறம் மூன்றாவது மாடி வாத்தியார்: "எங்க வீட்லயும்." அப்புறம் இரண்டு கை. எலிக்காரர் நோட்டைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினார். "இன்னும் யாராவது இருக்கீங்களா? இப்பவே சொல்லிருங்க, புண்ணியமாப் போகும்."

செயலாளர் கடிதத்தை நான்காக மடித்தார். தொண்டையைக் கனைத்தார். "எங்க வீட்லயும்... குளியல் ரூம் பக்கம்..." என்றார்.

அவருடைய மனைவி கேட்டாரே ஒரு கேள்வி: "என்கிட்ட சாம்பிராணின்னு சொன்னீங்களே?"

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. எலிக்காரர் சிரித்தபோது நெற்றி டார்ச் கழன்று மூக்குக்கு வந்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர. எட்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தேன். மேலே பால்கனி காலி.

மார்ச் 30, திங்கள்

இவரிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கிரேன் சைரன் மட்டும் கேட்டது.

"நாளைக்கு வர்றேன். அலமாரியை நானே கழட்டுறேன்" என்றார்.

ஏப்ரல் 1, புதன்

கழற்றினார். காலை முழுவதும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஸ்க்ரூவோடுதான் பேசினார். எலிக்காரர் குழாயின் வாய்க்கு இரும்பு மூடி போட்டு, சுற்றிக் கம்பி வலை வைத்துப் பூசினார். குழாய்ச் சந்துக்கும் தகரத் தட்டு அடித்து மூடினார். மேல் வீட்டுக் குட்டிகளை அவரே எடுத்துக்கொண்டு போனார். அக்கா துணிகள் அத்தனையையும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். ஐந்து கொடி.

மத்தியானம் சாப்பிடும்போது இவர் சொன்னார்: "ரெண்டு வருஷமா வர்றவங்க கிட்டெல்லாம், என் பொண்டாட்டி ஐடியா, அலமாரி எப்படின்னு காட்டிட்டிருந்தேன்." முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் என் தட்டில் அவரே குழம்பு ஊற்றினார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பொய் சொன்ன ஆறு வீட்டிலும் ஓட்டைகளை அடைத்தாயிற்று. குப்பை அறைக்குப் புதுக் கதவு, அடிப்பக்கம் தகரம் வைத்தது. எலிக்காரர் வைத்த பொறிகளில் முதல் நாள் பதினேழு, அடுத்த நாள் ஒன்பது, நேற்று இரண்டு.

ஏப்ரல் 9, வியாழன்

பூஜ்யம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

டாக்டர் கட்டைப் பிரித்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "பாருங்கம்மா" என்றார். ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் வந்திருக்கிறது. கறுப்பு இல்லை. கருநீலமும் இல்லை. "விரல் பொழைச்சிருச்சு. இனி மெத்துன்னு இருக்கிற செருப்பு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா நடக்கலாம்."

பஸ் நிறுத்தம் வரை வந்த பிறகுதான் டாக்டருக்கு நன்றி சொல்லவில்லை என்று தோன்றியது. சக்கர நாற்காலியைத் திருப்பி உள்ளே தள்ளிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மாமாவுக்கு வெட்கமாகிவிட்டது. "விரல் என்னோடது. நீ ஏன் இப்படி ஆடுறே?"

விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று அன்றைக்கே சொன்னார்கள் என்பதை இப்போதுதான் அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். இந்த மனிதரிடம் எதைத்தான் மறைக்க முடியும்?

ஏப்ரல் 16, வியாழன்

மாமா நடக்க மாட்டேன் என்கிறார். புதுச் செருப்பு பெட்டியிலேயே இருக்கிறது. "கால் தரையில இருக்கா, வானத்துல இருக்கான்னே தெரியலைம்மா. விழுந்துட்டா?" முதல் முறையாக அவர் பயந்து பார்க்கிறேன். வற்புறுத்தவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. புறா அக்கா. கையில் ஒரு தகரத் தட்டு, விளிம்பு உயர்ந்தது.

"இதுல போட்டா கீழே சிந்தாதுன்னு எலிக்காரர் சொல்றார். அரைமணி நேரம் வச்சுட்டு எடுத்துரணுமாம். பால்கனிக் கம்பியில ஸ்க்ரூ போடணும். உன் வீட்டுக்காரர் இருக்காரா?"

இவர் துறைமுகத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். "ஸ்க்ரூ டிரைவர் இருக்கு. நான் வர்றேன்க்கா" என்றேன்.

மூன்று ஸ்க்ரூ. ஒன்று கோணலாக ஏறிவிட்டது. அவர் தட்டைப் பிடித்துக்கொண்டார், நான் முடுக்கினேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முடிந்ததும், "கோணலா இருக்கு" என்றார். "கழட்டித் திருப்பிப் போடட்டுமா?" என்றேன். "வேணாம். உட்காரு. காபி போடுறேன்" என்றார்.

உட்கார்ந்தேன். ஒன்றேகால் மணி நேரம் பேசினார். டெலிபோன் நிலையத்தில் யார் யார் பேச்சையெல்லாம் ஒட்டுக் கேட்டார் என்பது வரை. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

எலிக்காரர் கடைசியாக ஒரு சுற்று வந்தார். மாவு தூவி வைத்த எந்த இடத்திலும் தடம் இல்லை. "இனி என்னைக் கூப்பிடாம இருக்கிறதுதான் நீங்க எனக்குப் பண்ற மரியாதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

விடிந்தும் விடியாமலும், சமையலறையில் சரசர என்று ஒரு சத்தம்.

காகிதத்தைக் கிழிக்கும் சத்தம். பிறகு நிதானமாகக் கொறிக்கும் சத்தம். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துப் போய் விளக்கைப் போட்டேன்.

மாமா. அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு கையில் கிரீம் பிஸ்கட் பாக்கெட், வாயில் பாதி பிஸ்கட். காலில் புதுச் செருப்பு, வலதும் இடதும் சரியாக.

நான் துடைப்பத்தோடு நின்றேன். அவர் பிஸ்கட்டோடு நின்றார்.

"ஒண்ணுதாம்மா" என்றார்.

அவர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். சக்கர நாற்காலி கட்டிலோரம் அப்படியே இருந்தது. அங்கிருந்து இங்கே வரை யாரும் பிடிக்காமல் வந்திருக்கிறார். நாற்பத்து நாலு நாள் கழித்து.

திட்ட வேண்டும். சர்க்கரை எவ்வளவு ஏறும்! பாக்கெட்டைப் பிடுங்கினேன். அதிலிருந்து இன்னும் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.